பிள்ளையின் நிறையும் பெரியவர்களின் வருத்தமும்

(தோட்டப் பொது மண்டபத்தில் நடந்த தாய்மார் கூட்டத்தில் ஆற்றிய உரை)



மலையிலிருந்து இறங்கி, கொழுந்து நிறுத்துப் போட்ட கையோடு இவ்வளவு பேர் வந்து உட்கார்ந்திருக்கிறீர்கள். வீட்டில் அடுப்பு மூட்ட வேண்டும், பிள்ளைகள் காத்துக்கொண்டிருக்கும். அதனால் சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வருகிறோம்.

ஒரே நாட்டில், ஒரே வயதில் இரண்டு பேர் இருக்கிறார்கள். ஒருவருக்கு 45 வயதிலேயே சீனி வருத்தம், பிரசர், மூச்சு வாங்குது. மற்றவர் 65 வயதிலும் தெம்பாக நடக்கிறார். இது ஏன் என்று தோட்டத்தில் கேட்டால் இரண்டு பதில்தான் வரும். நம்ம ஆட்களைக் கேட்டால் "எல்லாம் தலையெழுத்துங்க" என்பார்கள். கொஞ்சம் படித்தவர்களைக் கேட்டால் "வெத்திலை, பொயிலை, சாராயம். சொன்னா கேட்டாத்தானே" என்பார்கள். முதல் பதில் சரியே இல்லை. இரண்டாவது பதிலில் பாதி சரி. மீதிப் பாதி எங்கே இருக்கிறது என்றுதான் இன்றைக்குப் பேசப் போகிறோம்.

முதலில் ஒரு கணக்கு. 2016 ஆம் ஆண்டு நாடு முழுவதும் வீடு வீடாகப் போய் எடுத்த குடித்தொகை, சுகாதாரக் கணக்கெடுப்பில், 5 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளின் உயரத்தை அளந்தார்கள். வயதுக்கு ஏற்ற உயரம் இல்லாத பிள்ளைகள் நாடு முழுவதிலும் 100க்கு 17 பேர். தோட்டங்களில் மட்டும் எடுத்துப் பார்த்தால் 100க்கு 32 பேர். கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. நம்ம பிள்ளைக்காம்பராவில் 30 பிள்ளைகள் இருந்தால் அதில் ஒன்பது பத்துப் பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இதைச் சொன்னால் உடனே ஒரு பாட்டி எழும்பி, "நம்ம பரம்பரையே கட்டைதானுங்களே, எங்க அப்பாவும் இம்புட்டு உயரந்தான்" என்று சொல்வார். இந்தப் பேச்சை எல்லாத் தோட்டத்திலும் கேட்கிறோம். இதற்குப் பதில் இருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் பிரேசில், கானா, இந்தியா, நோர்வே, ஓமான், அமெரிக்கா என்று ஆறு நாடுகளில் சுமார் 8,500 பிள்ளைகளை அளந்து பார்த்தது. இந்தியாவில் டில்லியில் அளந்தார்கள். தாய்ப்பால் கிடைத்த, நல்ல சாப்பாடு கிடைத்த, தாய் புகை பிடிக்காத, வசதியான வீட்டுப் பிள்ளைகளாகப் பார்த்து எடுத்தார்கள். கறுப்புப் பிள்ளை, வெள்ளைப் பிள்ளை, நம்ம நிறத்துப் பிள்ளை, எல்லாம் ஐந்து வயது வரைக்கும் கிட்டத்தட்ட ஒரே மாதிரித்தான் வளர்ந்தன. அதை வைத்துத்தான் 2006 ஆம் ஆண்டு புதிய வளர்ச்சி அளவு வந்தது. உங்கள் கையில் இருக்கிற கிளினிக் காட்டில் உள்ள வளைந்த கோடுகள் அந்த அளவுப்படி போட்டவைதான். ஆகவே பரம்பரை என்ற பேச்சை இனி விட்டுவிடுவோம். தாத்தாவும் கட்டை, அப்பாவும் கட்டை, பேரனும் கட்டை என்றால் மூன்று தலைமுறைக்கும் வயிறு நிறையவில்லை என்றுதான் அர்த்தம்.

சரி, உயரம் குறைந்தால் என்ன, கொழுந்து எடுக்க உயரமா வேண்டும் என்று கேட்கலாம். விஷயம் உயரத்தோடு நிற்கவில்லை.

இங்கிலாந்தில் ஹெர்ட்போர்ட்சயர் என்று ஒரு மாவட்டம். அங்கே 1911 ஆம் ஆண்டிலிருந்து எதெல் மார்கரட் பேர்ன்சைட் என்ற அம்மாவின் தலைமையில் மருத்துவமாதுகளும் தாதிமாரும், பிறந்த பிள்ளைகளை எல்லாம் நிறுத்து எழுதி வைத்தார்கள். பிறகு வீடு தேடிப் போய், ஒரு வயதில் மறுபடியும் நிறுத்தார்கள். நம்ம மருத்துவமாது அம்மா செய்கிற அதே வேலைதான். அந்தப் புத்தகங்கள் பல வருஷம் கழித்து டேவிட் பார்க்கர் என்ற வைத்தியரின் கையில் கிடைத்தன. 1911க்கும் 1930க்கும் இடையில் பிறந்த 5,654 ஆண்களின் பெயரை எடுத்து, யார் யார் எந்த வருத்தத்தில் இறந்தார்கள் என்று தேடிப் பார்த்தார். 1989ல் முடிவை வெளியிட்டார். ஒரு வயதில் 18 இறாத்தலும் அதற்குக் குறைவாகவும் இருந்தவர்கள், 27 இறாத்தலும் அதற்கு மேலும் இருந்தவர்களைவிட இரண்டரை மடங்குக்கு மேலாக மாரடைப்பு வருத்தத்தில் இறந்திருந்தார்கள். 18 இறாத்தல் என்றால் நம்ம கணக்கில் 8 கிலோவும் கொஞ்சமும். ஐம்பது, அறுபது வருஷத்துக்கு முந்திய பிள்ளை நிறை, பெரியவரின் நெஞ்சு வருத்தத்தோடு போய் முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தது.

இது எப்படி? வைத்தியர்கள் சொல்கிற விளக்கம் இதுதான். தாயின் வயிற்றில் பிள்ளைக்குச் சாப்பாடு குறைந்தால், இருக்கிறதை முதலில் மூளைக்குக் கொடுக்கும். மற்ற உறுப்புகளுக்குச் சிக்கனம். சம்பளம் குறைந்த மாதத்தில் அரிசியும் மாவும் வாங்கிவிட்டுத் துணிமணியைத் தள்ளிப் போடுகிறோம் அல்லவா, அது மாதிரி. கிட்னிக்குள் இரத்தத்தை வடிக்கிற சின்னச் சின்ன வடிகள் குறைவாக அமையும். சீனியைக் கட்டுப்படுத்துகிற கணையம் என்ற உறுப்பும் சிறுத்துப் போகும். இவை பிறந்த பிறகு முழுசாகத் திரும்பி வருவதில்லை. அந்தப் பிள்ளை வளர்ந்து, கையில் காசு வந்து, சீனியும் மாவும் எண்ணெயும் கூடச் சாப்பிடத் தொடங்கினால் அந்த உடம்புக்குத் தாங்காது. பக்கத்து வீட்டுக்காரர் சாப்பிடுகிற அதே சாப்பாடு இவருக்குச் சீனி வருத்தமாகவும் பிரசராகவும் மாறுகிறது. தவறணையில் வேர் சுருண்டுபோன தேயிலைக் கன்றை மலையில் நட்டு எவ்வளவு உரம் போட்டாலும் பக்கத்துக் கன்று மாதிரி வராது என்று இங்கே உள்ள பெரியவர்களுக்கு நாங்கள் சொல்லத் தேவையில்லை.

ஒல்லாந்து நாட்டில் இன்னும் கொடுமையாக இது தெரிந்தது. யுத்த காலத்தில், 1944 கடைசியிலிருந்து 1945 நடு வரைக்கும் ஜேர்மன் படை சாப்பாட்டை மறித்துவிட்டது. மோசமான மாதங்களில் ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்குக் கிடைத்தது 400 முதல் 800 கலோரி. அந்தக் குளிர்காலத்தில் வயிற்றில் இருந்த பிள்ளைகளை ஐம்பது வயதில் கூப்பிட்டுப் பரிசோதித்தார்கள். இரத்தத்தில் சீனியைச் சமாளிக்கிற சக்தி அவர்களுக்கு மற்றவர்களைவிடக் குறைவாக இருந்தது.

ஒல்லாந்துக் கதை நமக்கு எதற்கு என்று இங்கே வயதானவர்கள் யாரும் கேட்க மாட்டீர்கள். 1973, 1974 ஆம் ஆண்டுகளில் ரேஷன் அரிசியும் மாவும் வெட்டுப்பட்டு, தோட்டங்களில் பட்டினியால் ஆட்கள் செத்த காலம் உங்களுக்குத் தெரியும். எங்களுக்கு அது பெற்றோர் சொல்லிக் கேட்ட கதை. இலை தழையை அவித்துத் தின்றோம், சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தோம் என்று சொல்லுவார்கள். அந்தப் பஞ்சத்தில் தாய் வயிற்றில் இருந்தவர்களுக்கு இப்போது ஐம்பது தாண்டிவிட்டது. கிளினிக் வாங்கில் சீனிக் குளிசைக்கு வரிசையில் உட்கார்ந்திருக்கிறவர்களில் அவர்களும் இருக்கிறார்கள். அவர்களைப் பார்த்து, "நீங்க சீனி கூடப் போட்டுத் தேத்தண்ணி குடிச்சதுதான் காரணம்" என்று ஒரே அடியாகச் சொல்வது நியாயமா? சீனியைக் குறைக்கத்தான் வேண்டும், அதில் மாற்றமில்லை. ஆனால் அந்த வருத்தத்தின் அடி 1974லும் இருக்கலாம்.

2022ல் நாடு வங்குரோத்து நிலைக்குப் போய், மா, பருப்பு, பால்மா எல்லாம் எட்டாத விலைக்குப் போனதை எல்லோரும் பட்டோம். அப்போது வயிற்றில் இருந்த பிள்ளைகளை இன்னும் நம் கண்ணால் பார்க்கலாம், முன்பள்ளி வயதுப் பிள்ளைகள்தான். அவர்கள் மேல் ஒரு கண் வைக்கச் சொல்லிக் கேட்டுக்கொள்கிறோம்.

ஆக, கவனம் வேண்டிய காலம் எது? கரு உண்டான நாளிலிருந்து பிள்ளைக்கு இரண்டு வயது முடியும் வரை. வயிற்றில் 270 நாள், வெளியில் 730 நாள், மொத்தம் 1,000 நாள். அதற்குப் பிறகு கொடுக்கிற சாப்பாடும் வீணில்லை. ஆனாலும் இந்த ஆயிரம் நாளில் விட்டது சுலபத்தில் கைக்கு வராது.

இந்த ஆயிரம் நாள் நம்ம லயத்தில் எப்படிக் கழிகிறது என்று பார்ப்போம்.

வயிற்றுப் பிள்ளைக்காரிக்குக் கிளினிக்கில் திரிபோஷா கொடுக்கிறார்கள். அது வீட்டுக்கு வந்தால் என்ன நடக்கிறது? சீனியும் தேங்காயும் போட்டு உருண்டை பிடித்து, மாமனாருக்கு ஒன்று, பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளைகளுக்கு இரண்டு, புருஷனுக்கு இரண்டு. மாதத்துக்கு வந்தது நாலு நாளில் முடிந்துவிடுகிறது. அந்தத் தாயைக் குறை சொல்ல எங்களுக்கு மனமில்லை. பசியோடு பார்க்கிற பிள்ளைக்குக் கொடுக்காமல் எந்தத் தாய் தின்பாள்? ஆனால் மாமியார்மாரிடம் ஒன்று சொல்கிறோம். அந்தப் பைக்கட்டை உங்கள் கையில் வாங்கி வையுங்கள். தினமும் மருமகளைப் பக்கத்தில் உட்கார வைத்து நீங்களே கொடுங்கள். நீங்கள் கொடுத்தால் அவள் சாப்பிடுவாள். தானாக எடுத்துச் சாப்பிட அவளுக்கு வெட்கம்.

அடுத்தது தேத்தண்ணி. நாமே விளைவிக்கிற பொருள், அதைக் கெட்டது என்று சொல்ல வரவில்லை. ஆனால் ரொட்டியோடும் சோற்றோடும் சேர்த்துச் சாயத்தண்ணி குடித்தால், சாப்பாட்டில் உள்ள இரும்புச் சத்து உடம்பில் சேராமல் போய்விடும். கிளினிக்கில் கொடுக்கிற இரும்புக் குளிசைக்கும் இதே கதிதான். சாப்பிட்டு ஒரு மணித்தியாலம் கழித்துக் குடியுங்கள். குளிசையைத் தண்ணீரில் போடுங்கள், ஒரு கொய்யாப்பழமோ தேசிக்காய்த் தண்ணியோ கூட இருந்தால் நல்லது. ஆறு மாதப் பிள்ளைக்குச் சாயத்தண்ணியில் பிஸ்கட்டை ஊறவைத்து ஊட்டுகிற பழக்கம் இன்னும் சில வீட்டில் இருக்கிறது. அதில் பிள்ளைக்கு வயிறு ரொம்பும், சத்து ஒன்றும் சேராது. ஒரு முட்டை, கொஞ்சம் பருப்பு, பொடி பண்ணின நெத்தலி, மசித்த கீரை, இதில் எது அன்றைக்குக் கையில் இருக்கிறதோ அது போதும்.

மாடு வைத்திருக்கிற வீடுகளையும் சொல்லத்தான் வேண்டும். விடியக் காலையில் கறந்த பால் முழுவதும் பால் சேர்க்கிற இடத்துக்குப் போகிறது. அந்த வீட்டுப் பிள்ளைக்கு வெறும் தேத்தண்ணி. கடைக் கடனுக்குப் பால் காசுதான் கைகொடுக்கிறது என்பது எங்களுக்குத் தெரியும். முழுவதையும் நிறுத்தச் சொல்லவில்லை. ஒரு வயது தாண்டின பிள்ளைக்கு ஒரு கோப்பை எடுத்து வைத்துவிட்டு மீதியை ஊற்றுங்கள்.

இப்போது கஷ்டமான இடத்துக்கு வருகிறோம். பிள்ளைக்கு ஆறு மாதம் முடியும்வரை தாய்ப்பால் மட்டும் கொடுக்கச் சொல்கிறோம். ஆனால் பிள்ளைப்பேற்று லீவு 12 கிழமை. இதுவே முன்பெல்லாம் மூன்றாவது பிள்ளைக்கு 6 கிழமைதான் இருந்தது. 2018ல் சட்டத்தைத் திருத்தி எல்லாப் பிள்ளைக்கும் 12 கிழமை ஆக்கினார்கள். நல்ல விஷயம்தான், இருந்தாலும் மூன்றாம் மாதத்துக்கும் ஆறாம் மாதத்துக்கும் நடுவில் ஒரு பள்ளம் இருக்கிறது. பிள்ளை பிள்ளைக்காம்பராவில், தாய் மலையில்.

ஒரு தங்கச்சி எங்களிடம் கேட்டார்: "ஐயா, மலையில இருந்து எறங்கி வந்து பால் குடுத்துட்டுப் போனா கிலோ கொறையுது. கிலோ கொறைஞ்சா அரைப்பேர் போடுறாங்க. நான் பிள்ளையப் பாக்குறதா, பேரப் பாக்குறதா?"

இந்தக் கேள்விக்குப் போசாக்குப் பாடம் பதிலாகாது. 1939 ஆம் ஆண்டின் மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டத்தில், ஒரு வயதுக்குக் குறைந்த பிள்ளை உள்ள தாய்க்கு வேலை நாளில் இரண்டு தடவை பால் கொடுக்க நேரம் விட வேண்டும் என்று இருக்கிறது. பிள்ளைக்காம்பரா இருக்கிற இடத்தில் ஒரு தடவைக்கு 30 நிமிடத்துக்குக் குறையக் கூடாது. இது யாரும் மனமிரங்கிக் கொடுக்கிற சலுகை இல்லை, சட்டம். கணக்கப்பிள்ளைமாரும் இங்கே இருக்கிறீர்கள். பால் கொடுக்கிற தாய்மாருக்குப் பிள்ளைக்காம்பராவுக்குப் பக்கத்து மலையில் வேலை போட்டுக் கொடுத்தால் போக்குவரத்தில் போகிற நேரம் மிச்சமாகும், கொழுந்தும் குறையாது. பால் கொடுத்துவிட்டு வந்ததற்காக யாருக்காவது அரைப்பேர் விழுந்தால், திகதியை மனதில் வைத்துக்கொண்டு எங்களிடம் வாருங்கள். நாங்கள் எழுதிக் கொடுக்கிறோம். அத்தோடு, பாலைப் பீச்சிச் சுத்தமான கோப்பையில் மூடி வைத்துவிட்டுப் போனால் பிள்ளை பார்க்கிற அம்மா கரண்டியால் ஊட்டுவார். நம்ம குளிரில் நாலு மணித்தியாலத்துக்குக் கெடாது. போத்தல் வேண்டாம். லயத்துத் தண்ணியில் போத்தலைச் சுத்தமாக வைத்திருப்பது லேசான காரியம் இல்லை.

இனிப் பழக்கவழக்கம். வெற்றிலையோடு பொயிலையும் பாக்கும் சேர்த்துப் போட்டால் வாய்ப் புற்றுநோய் வரும். பொயிலை இல்லாமல் வெறும் பாக்கே கெடுதி. வயிற்றுப் பிள்ளைக்காரி பொயிலை போட்டால் பிள்ளையின் நிறையும் குறையும். காம்பராவுக்குள் விறகுப் புகை சின்னப் பிள்ளையின் நெஞ்சைக் கெடுக்கும். இதெல்லாம் உங்களுக்கு ஆயிரம் தடவை சொன்னதுதான்.

ஆனால் ஏன் போடுகிறோம் என்று யாரும் கேட்பதில்லை. உச்சி மலையில் மழையில் நனைந்து நிற்கும்போது வாய்க்குச் சூடாக இருப்பது அது ஒன்றுதான். பசியையும் கொஞ்சம் அடக்கும். மலையில் கக்கூஸ் இல்லாததால் பெண்கள் தண்ணீரைக் குறைத்துக் குடிக்கிறார்கள், பிறகு சலக்கடுப்பு என்று வருகிறார்கள். இதையும் ஒரு பழக்கம் என்று எழுதி வைத்தால் சரியாகுமா?

லண்டனில் அரசாங்கக் கந்தோர்களில் வேலை செய்த ஆண்களை 1967லிருந்து கவனித்தார்கள். எல்லாரும் மாதச் சம்பளக்காரர், கூரைக்குக் கீழே இருந்து வேலை செய்தவர்கள். பட்டினி கிடந்தவர் யாரும் இல்லை. அப்படியும், அடிமட்டத்தில் கடிதம் கொண்டு திரிகிற பியோன்மார், உச்சியில் இருந்த பெரிய உத்தியோகத்தர்மாரைவிட மூன்றரை மடங்கு கூடுதலாக நெஞ்சு வருத்தத்தில் இறந்தார்கள். பியோன்மார் சிகரட் கூடப் பிடித்தார்கள், உண்மை. பிரசரும் கூட இருந்தது. அவர்கள் உயரத்திலும் குறைந்தவர்கள். அதாவது சின்ன வயதில் சரியான ஊட்டம் இல்லாதவர்கள். சிகரட், பிரசர், கொலஸ்ட்ரோல், உயரம் எல்லாவற்றையும் கணக்கில் கழித்துப் பார்த்த பிறகும் பெரிய வித்தியாசம் மிச்சம் இருந்தது. மற்றவர் சொன்னபடியே நாள் முழுக்கச் செய்து, தன் வேலையில் தனக்கு ஒரு சொல்லும் இல்லாமல் இருப்பதே உடம்பை அரிக்கிறது என்று அந்த ஆராய்ச்சி வழியில் வந்தவர்கள் சொன்னார்கள். கொழுந்து மடுவத்தில் நிற்கிறவர்களுக்கு இது புதுச் செய்தியாக இருக்காது.

இதைக் கேட்டுவிட்டு, "அப்ப நம்ம கையில ஒண்ணுமில்ல" என்று யாராவது சாராயக் கடைப் பக்கம் போனால் நாங்கள் பொறுப்பில்லை. ஐயாமார்களே, சம்பள நாளில் நீங்கள் அங்கே வைக்கிற காசு, வயிற்றுப் பிள்ளைக்காரியின் முட்டைக் காசு. வேறு விதமாகச் சொல்ல எங்களுக்குத் தெரியவில்லை.

பெண் பிள்ளைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. லயத்தில் கடைசியாகச் சாப்பிடுகிறது தாய், அதற்கு முன் மகள். ஆம்பிளைப் பிள்ளைக்கு மீன் துண்டு, பொம்பிளைப் பிள்ளைக்குக் குழம்பு. அந்தப் பதினைந்து வயதுப் பிள்ளையின் உடம்பில்தான் இன்னும் பத்து வருஷத்தில் உங்கள் பேரப்பிள்ளை வளரப் போகிறது. இரத்தம் குறைந்த, நிறை குறைந்த தாய்க்குப் பிறக்கிற பிள்ளை இரண்டரைக் கிலோவுக்குக் குறைந்து பிறந்தால் ஆச்சரியமில்லை. இருபது வயதுக்கு முன் கட்டிக் கொடுக்காதீர்கள் என்று மருத்துவமாது அம்மா தலைப்பாடாக அடித்துக்கொள்வது இதனால்தான்.

கடைசியாக நிறுவை நாள் பற்றி. கொழுந்து மடுவத்தில் அரைக் கிலோ குறைத்து எழுதினால் நாம் விடுவதில்லை. தராசு முள்ளைப் பார்த்துவிட்டுத்தான் கூடையைத் தூக்குகிறோம். பிள்ளையை நிறுக்கும்போதும் அப்படியே எட்டிப் பாருங்கள். காட்டில் புள்ளி வைத்து முடிந்ததும் போய்விடாமல், கோடு மேலே போகிறதா, படுத்துக் கிடக்கிறதா என்று கேளுங்கள். ஒரு மாதம் படுத்தால் கவனிக்க வேண்டும். இரண்டு மாதம் தொடர்ந்து படுத்தால் அடுத்த கிளினிக் வரைக்கும் காத்திருக்க வேண்டாம், மருத்துவமாது அம்மாவிடம் நேரே காட்டுங்கள். அதற்காகப் பிள்ளையைக் கொழுகொழு என்று ஆக்கச் சீனியும் மாவும் திணிக்க வேண்டாம், அதுவும் கெடுதி.

அரைநாள் சம்பளம் போகுது என்று தாய்க்கு வரமுடியாவிட்டால் அப்பா கொண்டுவரலாம், தாத்தா கொண்டுவரலாம். காட்டைச் சாமிப் படத்துக்குப் பின்னால் சொருகி வைத்து மழை ஒழுகி நனைந்துபோன வீடுகள் பல இருக்கின்றன. ஒரு சொப்பின் பேக்கில் சுற்றிப் பெட்டிக்குள் வையுங்கள். பிள்ளை பள்ளிக்கூடம் போன பிறகும் எறிய வேண்டாம், அது கலியாணம் முடித்து வயிற்றுப் பிள்ளையோடு கிளினிக் வரும்போதும் உதவும்.

மருத்துவமாது அம்மா இன்னும் அரை மணித்தியாலம் இங்கே இருப்பார். காட் கையில் உள்ளவர்கள் முன் வாங்குக்கு வாருங்கள்.